சரிபார்த்தவர் கட்டம்

மார்ச் 4, 1985. திங்கள்

பேரிங் ஏஜென்ட் கொடுத்த டைரி இரண்டு மாதமாக மேஜையில் சும்மா கிடந்தது. இன்று எழுத விஷயம் இருக்கிறது.

காலையில் முதலாளி நாச்சிமுத்து சார் எங்கள் இரண்டு பேரையும் மேல்மாடியில் தன் அறைக்குக் கூப்பிட்டார். நூற்பாலைகளுக்கு நாங்கள் செய்துகொண்டிருக்கும் கருவிக்கு ஒரு மைக்ரோபிராசஸரை முடிவுசெய்தாக வேண்டும். ரிங் ஃபிரேம் என்கிற நூற்கும் யந்திரத்தின் ஓரமாக ஒரு தண்டவாளத்தில் ஒரு கண் ஓடும். எந்தக் கதிரில், அதாவது ஸ்பிண்டிலில், நூல் அறுந்திருக்கிறது என்று பார்க்கும். ஒரு பக்கத்துக்கு இருநூறு கதிர். ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை அறுந்தது என்று குறித்துவைத்து, கடைசியில் கூட்டி மொத்தம் காட்டும். நான் 8085 என்கிறேன். தெய்வானை 6502 என்கிறாள்.

"ரெண்டு சிப்பை வெச்சுட்டு ரெண்டு குடித்தனம் நடத்த முடியாது தம்பி" என்றார் முதலாளி. "ஒரே வேலையை ரெண்டுலயும் அசெம்பிளி பாஷைல எழுதுங்க. எது வேகம், எது எடம் கம்மியா எடுக்குதுன்னு எனக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். நீங்க பி.இ., நீங்களே எழுதிருங்க. எந்த சிப்போ, அந்த ஆளு டிசைன் ரூம்ல. இன்னொருத்தருக்கு வேற எடம் பாத்துக்கலாம். என்னம்மிணி, சரிதானே?"

"சரிங்க சார்" என்றாள் தெய்வானை.

வேறு இடம் என்றால் எனக்கு சர்வீஸ் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு மில் மில்லாக அலைய வேண்டும். அவளுக்கு வயரிங் செக்‌ஷன். கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் வந்தாள். பாலிடெக்னிக் டிப்ளமோ, மூன்று வருஷம் சால்டரிங். முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று கெட்டுப்போக, அதைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தவள், அதற்குள் இருந்த 6502-ஐத் தானாகவே படித்துவிட்டாள். ஜனவரியிலிருந்து சோதனையாக டிசைன் ரூமில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

முடிவு எனக்கு இப்போதே தெரியும். எண்களைப் பிடித்து வைக்க 8085-இல் ஏழு ரிஜிஸ்டர். 6502-இல் மூன்றே மூன்று. மூன்று பாத்திரத்தை வைத்துக்கொண்டு எவன் சமைப்பான்?

மார்ச் 7, வியாழன்

நான்கு வேலைகளை எடுத்துக்கொண்டேன். முதல் மூன்று வேலைகளில் இரண்டு சிப்பும் ஏறக்குறைய சமம். நான்காவது, இருநூறு எண்களைக் கூட்டுவது. அதுதான் தீர்மானிக்கப் போகிறது.

8085-க்கு எழுதி முடித்தேன். ஒரு எண்ணைக் கூட்ட 45 கிளாக் துடிப்பு. மூன்று மெகாஹெர்ட்ஸில் 15 மைக்ரோ செகண்ட். மொத்தம் 21 பைட். சுத்தமான வேலை.

இந்தக் கம்பெனியில் எல்லாம் நீளத் தாளில்தான். முகவரி, ஹெக்ஸ் குறி, ஆணை, துடிப்பு, குறிப்பு என்று பத்திகள். துடிப்பைப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எண்ண வேண்டும். தாளின் அடியில் இரண்டு கட்டம்: எண்ணியவர், சரிபார்த்தவர். கையெழுத்து, தேதி. தான் எண்ணியதைத் தானே சரிபார்க்கக் கூடாது. இரண்டு கட்டமும் நிரம்பாத தாள் மாடிக்குப் போகக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் ஒரு டைமரைத் தப்பாக எண்ணி, அறுபது கருவி திரும்பி வந்ததாம். அதிலிருந்து இந்தச் சட்டம். முதலாளி இதில் மட்டும் பிடிவாதம். டிசைன் ரூமில் இருப்பதே இரண்டு பேர். ஆக, என் தாளுக்கு அவள், அவள் தாளுக்கு நான்.

லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. இரண்டு நாளாயிற்று.

மார்ச் 8, வெள்ளி

6502-க்கும் எழுதியாயிற்று. 8085 தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றினேன். அதுதானே நியாயம்? ஒரே வேலை, ஒரே முறை. ரிஜிஸ்டர் போதாததால் முகவரி, எண்ணிக்கை, கூட்டுத்தொகை எல்லாவற்றையும் மெமரியில் வைத்து எடுத்து வைத்து எடுத்து ஓட வேண்டியிருக்கிறது. ஒரு எண்ணுக்கு 34 துடிப்பு. அது ஒரு மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும் என்பதால் 34 மைக்ரோ செகண்ட். 42 பைட்.

நேரம் இரண்டு மடங்குக்கு மேல், இடம் சரியாக இரண்டு மடங்கு. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

இரண்டு தாளையும் தெய்வானையிடம் கொடுத்தேன். 8085 தாளைப் பத்து நிமிஷத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டாள். 6502 தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, எண்ணிக்கை தப்பா?"

"எண்ணிக்கை சரிதானுங்க சார். முப்பத்து நாலுதான் வருது. ஆனா இதுல இப்படி யாருங்க எழுதுவாங்க?"

"ஏன், ஓடாதா?"

"ஓடுங்க. காரை முதல் கியர்லயே மருதமலை வரைக்கும் ஓட்டிட்டுப் போற மாதிரி ஓடும்."

எனக்குச் சுருக்கென்றது. "சரிபாக்குறவங்க எண்ணிக்கை சரியான்னு பாத்தா போதும். கவிதை எப்படி இருக்குன்னு கேக்கல."

அவள் சிரித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அதுவும் சரிதானுங்க. எண்ணிக்கை சரி" என்று கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். "ஆனா நான் ஒரு தாள் எழுதித் தர்றேன் சார். அதையும் சேத்துக்குங்க. நாளைக்குக் காலைல கொடுத்தர்றேன்."

சரி என்றேன். என்றேனா? ஏதோ தலையை ஆட்டினேன்.

மார்ச் 12, செவ்வாய்

தெய்வானை தாளைக் கொடுத்தாள். ஒரே தாள். மற்ற வேலை இருந்தது, பையில் வைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை.

ஈப்ராம் சிப்பில் எழுதியதை அழிக்கும் விளக்குக்கு டியூப் மாற்றியாயிற்று. சாயந்திரம் சீக்கிரமே அறைக்கு வந்துவிட்டேன். மெஸ்ஸில் தக்காளி சாதம், உப்பில்லை. அழிரப்பர் தேய்ந்துபோய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

ரிப்போர்ட் போய்விட்டது.

காலை ஒன்பதரைக்கு டைப்பிஸ்ட் லூர்துசாமி ஸ்டென்சில் வெட்டி முடித்துவிட்டார். அதற்கப்புறம் எதையாவது சேர்ப்பதென்றால் மூன்று பக்கத்தையும் திரும்ப வெட்ட வேண்டும். அந்த மனுஷர் ஒரு கமாவைத் திருத்தச் சொன்னாலே "இன்ஜினியர் சார், என் விரல் என்ன ரீஃபில்லா, மாத்திக்கறதுக்கு?" என்பார். ஆகவே, இருக்கிறபடியே மாடிக்கு அனுப்பினேன். பதினெட்டு பைட் என்ன, எட்டு பைட் ஆனாலும் அடிப்படை மாறாது. 8085-க்குப் புத்தகம் கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறார்கள், உதிரி சிப்பும் கிடைக்கிறது.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். அவளும் வந்தாள்.

"34-க்கு 15. 42-க்கு 21" என்று முதலாளி படித்தார். "இதுல பேச என்ன இருக்குது? அம்மிணி, நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?"

தெய்வானை என்னைப் பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்த தாள்களைப் பார்த்தாள். முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டும்போது அவள் கண்ணும் கூடவே போயிற்று. இரண்டு தாள்தான் இருந்தது.

"இன்னொரு தாள்..." என்றாள்.

"ரெண்டு கட்டமும் நிரம்பின தாளா?"

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே லாரியில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலீங்க சார்" என்றாள்.

"அப்புறம் என்ன? இந்தத் தாள்ல சரிபார்த்தவர்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க சிப்புக்கு உங்க கையெழுத்து. இதுக்கு மேல நானென்ன கேக்கறது?"

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

மார்ச் 14, வியாழன்

துணி துவைத்தேன். நான்கு சட்டை, இரண்டு பேன்ட்.

மார்ச் 18, திங்கள்

தெய்வானை கீழே போய்விட்டாள். எதிர் நாற்காலி காலி. அதன் முதுகில் ஒரு மஞ்சள் துணிப்பையை மாட்டி வைத்திருப்பாள். பையைக் கொண்டுபோய்விட்டாள், மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது. பிடுங்கலாம் என்று பார்த்தேன். குறடு எடுக்கச் சோம்பல்.

அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். வேலூரில் வெயில் எப்படி என்று கேட்டேன். வேலை நிரந்தரமாகிவிடும் என்று எழுதினேன்.

லூர்துசாமி மதியம் டிபன் பாக்ஸோடு வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு நம்ம கம்பெனில சால்டரிங்ல இருந்து டிசைன் ரூமுக்கு வந்த முதல் ஆளு தெரியுமா சார்? வயரிங்ல எட்டுப் பொம்பளைங்களும் ஜனவரியில மிட்டாய் கொடுத்தாங்க. எனக்குக்கூட ரெண்டு கெடைச்சுது."

"சாம்பார் சிந்துது பாருங்க, தாள் இருக்கு" என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

அந்தத் தாளை இன்று எடுத்துப் பார்த்தேன். சும்மாதான்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்திசாலித்தனமாக எழுதியிருக்கிறாள். எந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, இன்னும் எத்தனை பாக்கி என்பதற்கு ஒன்று என்று நான் இரண்டு இடத்தில் வைத்தேன். அவள் ஒரே ரிஜிஸ்டரில் 200-ஐப் போட்டு ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வருகிறாள். எந்தக் கதிர் என்பதும் அதுதான், எத்தனை பாக்கி என்பதும் அதுதான். சுழி வந்தால் வேலை முடிந்தது. கூட்டுவதற்கு முன்னால், போன கூட்டலில் மிஞ்சிய கேரியை அழிக்கும் ஆணை ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு சுற்றிலும் செய்ய வேண்டியதில்லை என்று கண்டுபிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். மெமரிக்குப் போகவர அலைச்சலே இல்லை. மூன்று பாத்திரத்தில் விருந்து.

ஒரு எண்ணுக்கு 12 மைக்ரோ செகண்ட். என் 8085-ஐ விட மூன்று குறைவு. பைட்டும் மூன்று குறைவு. அவளே எண்ணிக் கையெழுத்துப் போட்டு, மார்ச் 12 என்று தேதி போட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டம் காலி.

அவள் எண்ணியது சரியா என்று நான் பார்க்கவில்லை. தப்பாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முதல் சோதனை. முடி, மூக்கு, காது எல்லாம் பஞ்சு. கருவி ஓடுகிறது. ஆனால் கண் ஒரு கோடியில் திரும்பும்போது முதல் கதிரை அவ்வப்போது தவறவிடுகிறது. மில் மேஸ்திரி கைதட்டி ஃபிட்டரிடம் சொன்னார்: "பாருப்பா, கம்ப்யூட்டருக்கு முதல் ஸ்பிண்டில் மேல ஏதோ கோவம்."

காரணம் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஒரு கதிரின் பல்ஸ் 2.7 மில்லி செகண்ட்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் என் நிரல் கூட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணைப் பார்ப்பதில்லை. இருநூறு எண், ஒவ்வொன்றுக்கும் 15 மைக்ரோ. ஆக மூன்று மில்லி செகண்ட்.

12-ஆக இருந்தால் 2.4.

போர்டு அச்சாகிவிட்டது. அதில் எதையும் சேர்க்க முடியாது. நிரலைத்தான் சுருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 4, வியாழன்

முடிந்தது. 11.7 மைக்ரோ செகண்ட். மொத்தம் 2.33 மில்லி. பைட்டும் 21-லிருந்து 16.

எப்படி என்று எழுதிவைக்கிறேன். இருநூறு எண்களின் பட்டியலை மெமரியில் ஒரு பக்கத்தின் கடைசியில் முடிகிற மாதிரி நகர்த்தினேன். முகவரியின் கடைசி பைட் ஹெக்ஸில் 38-இல் தொடங்கி FF-இல் முடிகிறது, சரியாக இருநூறு இடம். அதற்கடுத்து ஏறினால் சுழி. ஆக, முகவரியை ஏற்றிக்கொண்டே போனால் போதும், சுழி வந்தால் இருநூறும் முடிந்தது. தனியாக எண்ணிக்கை தேவையில்லை. ஒரே ரிஜிஸ்டர் இரண்டு வேலை.

ஏறுவதற்குப் பதில் இறங்குவது, 8085-க்குப் பதில் 6502. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 11.7 பன்னிரண்டைவிடக் குறைவு. பதினாறு பதினெட்டைவிடக் குறைவு. நான் ரிப்போர்ட்டில் சொன்ன முடிவு கடைசியில் சரிதான்.

இதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். எண்களில் தப்பில்லை.

ஏப்ரல் 6, சனி

மில்லில் முதல் கதிர் பிடிபட்டது. நூறு தடவை ஓட்டிப் பார்த்தோம், நூறும் சரி. மேஸ்திரி டீ வாங்கிக்கொடுத்தார். முதலாளி என் தோளைத் தட்டி, கூட வந்த மில் மேனேஜரிடம், "இது நம்ம புகழேந்தி மூளை. பாதி ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் மைக்ரோ செகண்ட்லதான் பேசுவாரு" என்றார்.

டீயில் சர்க்கரை அதிகம். குடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

புதுத் தாளுக்குச் சரிபார்த்தவர் வேண்டும். டிசைன் ரூமில் நான் மட்டும்தான் இருக்கிறேன். முதலாளியிடம் போய், இந்த ஒரு தடவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதெப்படி முடியும்? சட்டம் சட்டந்தான். கீழ அந்த அம்மிணி இருக்குதே, அதுகிட்டக் கொடுங்க. எண்ணறதுல கெட்டிக்காரி."

ஏப்ரல் 10, புதன்

கீழே போனேன். ரெசின் புகை, ரேடியோவில் ஏதோ பாட்டு. எட்டுப் பேரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். தெய்வானை கடைசி மேஜையில் இருந்தாள். என் போர்டுக்குத்தான் சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்தினாள். நான் உட்காரவில்லை.

தாளை வாங்கினாள். மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பாதியில் விரல் நின்றது.

"பட்டியலை 38-ல ஆரம்பிச்சிருக்கீங்க."

"ஆமா."

"FF-ல முடியுது. அப்புறம் சுழி."

"ஆமா."

"ஒரே ரிஜிஸ்டர்ல ரெண்டு வேலை."

"ஆமா."

"நல்லா இருக்குதுங்க" என்றாள். குத்தலே இல்லை. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடியில் கூட்டிப் பார்த்தாள், உதட்டை அசைத்து அசைத்து. "முப்பத்தஞ்சு துடிப்பு. பதினொண்ணேமுக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. சரிதானுங்க." கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "என் தாளை நீங்க எண்ணிப் பாத்தீங்களாங்க சார்?"

"இல்ல. நேரமே கிடைக்கல."

"ஓ." சால்டர் இரும்பை எடுத்து ஈரப் பஞ்சில் தேய்த்தாள், சுர்ரென்றது. "அதுல எங்கயாச்சும் தப்பு பண்ணிட்டனோன்னு ஒரு மாசமா மண்டைய உடைச்சுட்டிருக்கறேன். வீட்ல உக்காந்து ஏழு தடவை எண்ணிட்டேன். பன்னெண்டுதான் வருது. ஆனா நானே எண்ணினா கணக்குல வராதுங்களே. எதுக்குச் சேக்கலேன்னு தெரிஞ்சா, அந்தத் தப்பை இனிமே பண்ணாம இருப்பேன்."

நான் தாளை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். படிக்கட்டு ஏறும்போது ரேடியோவைத் திரும்பப் போட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

மார்ச் 12-ஆம் தேதி சாயந்திரம் அறைக்குச் சீக்கிரம் வந்ததே அந்தத் தாளைப் பார்க்கத்தான். பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எண்ணினேன். நான்கு, மூன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு. தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்றே நான்கு தடவை எண்ணினேன். நான்கு தடவையும் பன்னிரண்டு. பதினெட்டு பைட். பிறகு பென்சில் குறிகளை அழித்தேன். அழிரப்பர் தேய்ந்தது அதனால்தான்.

ஸ்டென்சில் காரணமில்லை. லூர்துசாமி மறுநாள் காலைதான் வெட்ட ஆரம்பித்தார். நான் வாசலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரைத் துரத்தி, ஒன்பதரைக்குள் முடிக்கவைத்தேன்.

இன்று தாளை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தேன். ரப்பர் போட்டாலும் பென்சில் அழுத்திய பள்ளம் போகவில்லை. நான்கு, மூன்று, இரண்டு, மூன்று.

11.7 என்ற எண்ணும் அவளுடையதுதான். அவள் தாளைப் பார்க்காவிட்டால் நான் இன்றைக்கும் மூன்று மில்லி செகண்டில் உட்கார்ந்திருப்பேன். எந்த சிப் வேகம் என்று ஒப்பிடச் சொன்னார்கள். சிப்பில் ஒன்றுமில்லை. அதற்கு எழுதத் தெரிந்தவளையும் எழுதத் தெரியாதவனையும் ஒப்பிட்டு, தெரியாதவன் ரிப்போர்ட் எழுதினான்.

ஏப்ரல் 13, சனி

வருஷப் பிறப்பு. விடுமுறை. மெஸ்ஸில் மாங்காய்ப் பச்சடி போட்டார்கள். முடி வெட்டிக்கொண்டேன்.

முதலாளியிடம் போய் வாயால் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். "தாள் கிடைச்சுது சார், கவனிக்கல, இப்பதான் பார்த்தேன்" என்று சொல்லலாம். அவரும் சரி என்பார். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவளையும் மேலே கூப்பிடலாம். எனக்கும் ஒன்றும் ஆகாது.

கண்ணாடியில் பார்த்தால் பின்கழுத்தில் சரியாக வெட்டவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். "அந்த அம்மிணி எழுத்துல காரணம் கேட்டிருக்குது தம்பி. 'என் தாள் ஏன் சேர்க்கப்படவில்லை, பிழை இருந்தால் தெரியப்படுத்தவும்'னு. மரியாதையாத்தான் கேட்டிருக்குது. நாளைக்குச் சோதனைக் காலத்து ஃபைலை மூடறேன். பிழை என்னன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துருங்க. அத்தோட முடிஞ்சுது."

ஒரு வரி போதும். "துடிப்பு எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதலாம். பொய்யும் ஆகாது. கட்டம் காலியாகத்தானே இருக்கிறது.

அவள் இனிமேல் ஆயுசு முழுக்க அந்தப் பன்னிரண்டில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு என் மேஜையில் உட்கார்ந்து அவள் தாளைத் திரும்ப எண்ணினேன். இந்தத் தடவை பேனாவால். பென்சில் பள்ளங்களின் மேலேயே எழுதினேன். நான்கு. மூன்று. இரண்டு. மூன்று. அடியில் 12. பிறகு சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்து. பக்கத்தில் தேதி.

தேதிக்குத்தான் நேரமாயிற்று. இன்றைய தேதியைப் போட்டால் ஒன்றுமில்லை. காலதாமதம், அவ்வளவுதான். பேனா மை ஒரு தடவை காய்ந்து, உதறி, திரும்ப எடுத்தேன். 12-3-85 என்று போட்டேன்.

மாடிக்குப் போனேன். முதலாளி ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். "எழுதிட்டு வந்தீங்களா?"

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். "பன்னெண்டா? இது அம்மிணி எழுதினதா? நம்மளதே பதினஞ்சுதானே அப்ப." அடிக்கு வந்தார். "நீங்களே சரிபாத்திருக்கீங்க. நல்லது." பிறகு நின்றார். "தம்பி, தேதி தப்பாப் போட்டிருக்கீங்க பாருங்க. இன்னைக்கு ஏப்ரல்."

"இல்ல சார். தேதி சரி."

"மார்ச் பன்னெண்டுன்னு இருக்குது."

"ஆமா சார். அன்னைக்குத்தான் எண்ணினேன்."

பக்கத்தில் என் ரிப்போர்ட் இருந்தது. அதன் தேதி மார்ச் 13. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்ப அந்த முதல் ஸ்பிண்டிலு? மில்லுல பண்ணினீங்களே?"

"இதைப் பாத்துதான் சார்."

"ஊருக்கெல்லாம் உங்க மூளைன்னு சொல்லிட்டு வந்தனே தம்பி." குரல் உயரவேயில்லை. தாளை ஃபைலில் என் இரண்டு தாளுக்கும் மேலே வைத்தார். "உங்களை என்ன பண்றதுன்னு நான் அப்புறம் யோசிக்கறேன். முதல்ல போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ஆள் அனுப்பாதீங்க. நீங்களே போங்க. என்னத்துக்குன்னு நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

கீழே போனேன். ரேடியோவை நிறுத்தினார்கள். தெய்வானை ஒரு நாற்பது பின் சாக்கெட்டுக்குச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள், 8085 உட்காரும் சாக்கெட்.

"உங்க தாள்ல தப்பு எதுவும் இல்ல" என்றேன். எட்டுப் பேரும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "பன்னெண்டு சரி. நீங்க கொடுத்த அன்னைக்கே எண்ணிட்டேன். எண்ணிட்டு மறைச்சுட்டேன். முதலாளி உங்களைக் கூப்பிடறாரு."

இரும்பு முனையிலிருந்து புகை நேராக மேலே போயிற்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எதையோ எண்ணுகிற மாதிரி. மார்ச் பன்னிரண்டிலிருந்து நாட்களையா என்று தெரியவில்லை.

"இதை முடிச்சுட்டு வர்றேனுங்க" என்றாள். சார் போடவில்லை.

"அவரு காத்துட்டு இருக்காரு..." என்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு பின்னாக வைத்தாள். வைத்து, ஊதி, சாய்த்துப் பார்த்து, அடுத்தது. அப்போது பதினேழாவதில் இருந்தாள். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது, அவள் நகர்த்தவில்லை.

பதினெட்டு. பத்தொன்பது. நாற்பது வரை நின்றேன்.